பேரை எழுத வேணாம்

டைவரண்ணன் என் கையிலிருந்த கொப்பியை வாங்கினார். எழுதியிருந்த ஒரேயொரு பக்கத்தை ஓரம் பிசகாமல் கிழித்து, தேத்தண்ணிக் கடை அடுப்பில் போட்டார். பிறகு கொப்பியை என்னிடமே திருப்பித் தந்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கத்தில் பதினான்கு பேருடைய பெயர்களைக் கோடு போட்டு, எண் இட்டு, என்னால் முடிந்த மட்டும் அழகாக எழுதியிருந்தேன். வாலிபர் சங்கக் கூட்டத்துக்கு எங்கள் தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் போன பெண் நான்தான். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் என்பதால் வந்தவர்களின் பெயர்களைக் குறிக்கும் வேலை எனக்குத்தான் வரும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

“பேரை எழுத வேணாம்மா,” என்றார் அவர். “தலையில வச்சுக்க. தலைய யாரும் சோதனை போட முடியாது.”

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் அது. எனக்குப் பதினெட்டு வயது. கூட்டம் நடந்த இடம் பெரகலைச் சந்தியில் ஒரு கடையின் பின்னறை. அவர் கதவைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டுமல்ல, பின்னால் நான் கண்ட நாட்களிலெல்லாம் அப்படித்தான். வெளியே ஒரு வாகனம் வேகம் குறைந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அது கடந்துபோன பிறகு, விட்ட சொல்லிலிருந்தே தொடருவார். நாடே விடுதலை கொண்டாடிக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் எதற்காக இன்னும் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

தேயிலைப் பெட்டிகளை ஹப்புத்தளை ரயில் நிலையத்துக்கு ஏற்றிச் செல்லும் லொறியின் சாரதி அவர். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் டைவரண்ணன். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, எனக்கும் அது தெரியும். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அதைக் காகிதத்தில் எழுதக் கை வரவில்லை.

வாலிபர் சங்கம் எங்கள் தோட்டத்தில் முளைத்ததல்ல. யுத்தம் தொடங்கிய நாட்களில் கொழும்பில் படித்த சில வாலிபர்கள் ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் போக வேண்டும், நாடு நம் கைக்கு வர வேண்டும் என்பது ஒன்றே அவர்களுடைய பேச்சு. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பாராமல் ஊரூராகக் கிளைகள் எழும்பின. யுத்தச் சட்டத்தைக் காட்டி அரசாங்கம் கூட்டங்களைத் தடுத்ததும் தலைவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் ஒளிந்தார்கள். அந்த ஒளிவுக் காலத்தில்தான் சங்கம் மலைக்கு ஏறியது. அவருடைய லொறியில் ஏறித்தான் வந்தது.

வெளியாள் ஒருவன் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பொலிஸில் பிடித்துக்கொடுப்பார்கள். லொறிக்கு மட்டும் வாசல் திறக்கும். உள்ளே போகும்போது வெற்றுச் சாக்குகளுக்கு அடியில் துண்டுப் பிரசுரங்கள் இருக்கும். சில தடவை சாக்குகளுக்கு அடியில் ஆளே இருப்பார். கொழும்பிலிருந்து வந்த ஒரு தலைவரை அவர் அப்படியே மூன்று தோட்டங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டியதாக அப்பா சொல்வார். தேயிலை ஸ்டோரில் பெட்டி ஏற்றிய அப்பாவும் அந்தத் தலைவருக்குச் சாக்கு போர்த்தியவர்களில் ஒருவர்.

அந்தக் காலத்தில் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னையா என்பவர் கிளைச் செயலாளராக இருந்தார். கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதிவைத்தார். ஒருநாள் காலையில் பொலிஸ் வந்தது. அரிசிப் பெட்டிக்கு அடியில் கொப்பி அகப்பட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, அதில் இருந்த ஒவ்வொரு பெயரையும் வாசித்தார்களாம். மத்தியானத்துக்குள் பதினேழு குடும்பங்கள் சட்டி பானைகளோடு மழையில் ரோட்டுக்கு வந்துவிட்டன. அவர்களில் ஒரு கைக்குழந்தை நாலாம் நாள் காய்ச்சலில் இறந்துபோனது. சின்னையா அதற்குப் பிறகு ஒருவரோடும் பேசவில்லை. எப்போது இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார் என்றுகூட யாருக்கும் தெரியாது.

இது அப்பா சொல்லி நான் அறிந்தது. டைவரண்ணன் இதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுதாமல் இத்தனை பேரை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார் என்பது எங்களுக்கெல்லாம் அதிசயம். ஒருமுறை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நானும் அப்பாவும் அவருடைய லொறியில் போனோம். ஹல்துமுல்லையிலிருந்து பெரகலைக்கு ஏறும் பாதை முழுக்க வளைவுகள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கண்ணுக்கு எட்டாத பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாராக்கும் என்று நினைத்தோம். காது கொடுத்துக் கேட்டால் பெயர்கள், அவரவர் குடியிருக்கும் லய வரிசை, அதில் எத்தனையாவது அறை. “கருப்பையா, பெஞ்சாதி லெச்சுமி, மூணாம் லயம், ஏழாம் காம்பரா.” அடுத்த வளைவு. “முத்துவேலு, தாய் அங்கம்மா, அதே லயம், கடைசிக் காம்பரா.”

“இதென்ன அண்ணே?” என்று கேட்டேன்.

“ஒரு வளைவுக்கு ஒரு குடும்பம். தினம் ரெண்டு தரம் போய் வர்றேன்ல? மறக்காது.”

“நாங்க எந்த வளைவு?”

அவர் சிரிக்கவில்லை. “அது ஒனக்குத் தெரியக் கூடாது,” என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் விளையாட்டு என்று எடுத்திருப்பேன். அவர் சொன்னதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

எங்களை அவர் வேறு விதமாகப் பழக்கினார். கூட்டத்தின் நடுவில் திடீரென்று ஒருவரைப் பார்த்து, “பக்கத்துல இருக்கிறவன் பேரென்ன?” என்பார். சரியான பதில் ஒன்றே ஒன்றுதான்: “தெரியாதுங்க.” யோசித்தால் தப்பு. சிரித்தால் தப்பு. கண் அங்கே இங்கே ஓடினாலும் தப்பு. லயத்துப் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டார்கள். தண்ணீர்ப் பீலியடியில் ஒன்று கேட்கும், மற்றதுகள் எல்லாம் சேர்ந்து “தெரியாதுங்க” என்று கத்தும்.

அந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றிய நாளும் உண்டு. சில வருடங்களுக்குப் பிறகு, வேலை நிறுத்தம் ஒன்றின்போது, பெரட்டு முடிந்த கையோடு பொலிஸ் லயத்துக்குள் புகுந்தது. பானைகளைக் கவிழ்த்தார்கள், கம்பளிகளை உதறினார்கள், கூரைத் தகரத்துக்கு இடையில் கையை விட்டுத் துழாவினார்கள். இன்ஸ்பெக்டர் என் முன்னால் வந்து நின்று, “சங்கத்து லிஸ்ட் எங்கே?” என்று தமிழிலேயே கேட்டார்.  வாயிலிருந்து சொல் தானாக வந்தது. “தெரியாதுங்க.” ஒரு பழைய நாட்காட்டியையும் நான் படித்து வைத்திருந்த இரண்டு பத்திரிகைகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் வேலை போகவில்லை.

சாயங்காலம் டைவரண்ணன் வந்தார். நாங்கள் பெருமையோடு சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்.

“புள்ளைங்ககிட்ட கேட்டானுங்களா?”

“கேட்டாங்க அண்ணே.”

“என்ன சொன்னிச்சிங்க?”

“தெரியாதுன்னுதான்.”

அதற்குப் பிறகுதான் நான் கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். 

சுதந்திரத்துக்குப் பிறகு கொழும்பில் சங்கத்துக்காரர்கள் பயப்பட எதுவும் இருக்கவில்லை. தடை போய்விட்டது, சிறையிலிருந்தவர்கள் மாலையோடு வெளியே வந்தார்கள். சாக்குக்குள் படுத்து மலைக்கு வந்த அந்தத் தலைவர் பாராளுமன்றம் போனார். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியில் வந்த எங்களுக்கோ அந்த ஆண்டு முடிவதற்குள் நாடு இல்லாமல் போய்விட்டது. பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் பின்னாலேயே வோட்டும் போனது. இந்த மண்ணில் பிறந்த நான், என் அப்பா, அவருடைய அப்பா புதைந்த இடம் எல்லாம் இங்கேயே இருக்க, நாங்கள் யார் என்பதை விண்ணப்பம் எழுதி நிரூபிக்க வேண்டியதாயிற்று.

அப்பாவும் டைவரண்ணனும் கொழும்புக்குப் போய் அந்தத் தலைவரைப் பார்த்தார்கள். அவர் இருவரையும் அடையாளம் கண்டு தோளில் கை போட்டு உட்காரவைத்தாராம். சாக்கு நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது என்று சிரித்தாராம். பிறகு, இந்தச் சட்டத்தை எதிர்த்துச் சங்கத்தின் பேரால் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று இவர்கள் கேட்டபோது, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்: “மலைநாட்டில் நமக்குக் கிளை இருந்ததற்குப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா? உறுப்பினர் பதிவு? எதை வைத்து நான் எழும்பிப் பேசுவது?”

 திரும்பி வரும் ரயிலில், நானு ஓயா நிலையம் தாண்டிய பிறகு, டைவரண்ணன் அப்பாவிடம், “அவருக்கு ஞாபகம் இருக்கு. காயிதம்தான் வேணுமாம்,” என்றாராம்.

விசாரணைகள் உடனே நடக்கவில்லை. வருடக்கணக்கில் இழுபட்டன. அதற்குள் எனக்குக் கல்யாணமானது. என் வீட்டுக்காரர் ராமையா அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. ஒவ்வொரு கடிதம் வரும்போதும் லயம் முழுக்க என் வாசலில் கூடும். நான் பிரித்து வாசிப்பேன். வாசிக்கும்போது என் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

முதலில் விசாரணைக்குப் போனவர் எங்கள் பக்கத்துக் காம்பரா மாரிமுத்து மாமா. வயதானவர், சாது. அவருக்குச் சாட்சி சொல்ல முன் லயத்துக்காரர் ஒருவரைக் கூட்டிப்போயிருந்தார். அதிகாரி சாட்சியைக் காட்டி, “இவரை உமக்கு எத்தனை வருடமாகத் தெரியும்?” என்று கேட்டார். மாமா நிமிர்ந்து நின்று, கண்ணை அசைக்காமல், “தெரியாதுங்க,” என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. விண்ணப்பம் தள்ளுபடியான கடிதத்தை நான்தான் வாசித்தேன். அவர் யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. “வாய் பழகிப்போச்சு பவளம்,” என்று என்னிடம் சொன்னார். அதை நான் டைவரண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.  அதற்குப் பிறகு கூட்டங்களில் அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்ததாக எங்கள் டிவிஷனில் முப்பத்தொரு குடும்பத்துக்குச் சேர்ந்தாற்போல் அழைப்பு வந்தது. என் பெயரும் அதில் இருந்தது. யுத்த வருடங்களில் விட்டுப்போகாமல் இங்கேயே வசித்தோம் என்று காட்ட வேண்டும். அன்றாடம் வேலைக்கு வந்தவர்களைப் பதியும் செக்ரோல் புத்தகம் அதற்குப் போதும். ஆனால் ஆபீசில் கேட்டபோது அவற்றில் மூன்று வருடத்துப் புத்தகங்கள் மழை ஒழுக்கில் ஊறிப் போய் எறியப்பட்டுவிட்டன என்றார்கள். பெரிய கிளாக்கர் பொய் சொல்லவில்லை. ஊறிக் கறுத்த அட்டைகளை நானே பார்த்தேன்.

பதுளையிலிருந்த ஒரு வழக்கறிஞர் ஐயா வழி சொன்னார். அந்த வருடங்களில் தோட்டத்துக்கு வந்துபோன வெளியாள் ஒருவர், யார் யார் எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் இருந்தார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டு, நேரில் வந்து சத்தியம் செய்தால் அதிகாரி ஏற்கக்கூடும். அப்படி ஓர் ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

நானும் அப்பாவும் பெரகலைக்குப் போனோம். அன்று காற்று கடையின் தகரத்தைப் பிய்த்துவிடுவதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் லொறியின் பொனெற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“வாயால சொல்றேன்,” என்றார். “எத்தன தரம் வேணும்னாலும் சொல்றேன்.”

“வாயால சொன்னா எடுக்க மாட்டாங்களாம் அண்ணே. எழுதித்தான் குடுக்கணுமாம்.”

“எழுதினா அது எங்க போகும், யாரு கையில இருக்கும், யாருக்குத் தெரியும்?”

“இது பொலிசுக்கு இல்லங்க. நம்மளுக்கு.”

அவர் துணியைக் கீழே போட்டார். அப்போதுதான் சின்னையாவைப் பற்றிப் பேசினார்.

“அந்தக் கொப்பிய அவன் சும்மா எழுதல. எல்லாம் ஒழுங்கா இருக்கணும்னு சொன்னது நான். பதுளக் கடை வீதியில போயி, சிவப்பு அட்டை போட்ட கொப்பியா பாத்து வாங்கிக் குடுத்ததும் நான்தான். பதினேழு குடும்பத்த ரோட்டுல விட்டாங்க. கொப்பியில என் பேரு இல்ல பவளம். டைவர்னு மட்டும் அவன் எழுதியிருந்தான். அடிச்சுக் கேட்டும் என் பேர அவன் சொல்லல.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அது புதிய செய்தி.

“ரெண்டு நாள் குடுங்க,” என்றார் டைவரண்ணன்.

வெள்ளிக்கிழமை அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே எங்கள் லயத்துக்கு நடந்து வந்தார். முகம் மழித்திருந்தார். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரித்து, ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். வழக்கறிஞர் ஐயா கொடுத்த நீளத் தாள்கள் இருந்தன. நான் எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

“எழுதினா ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ஒண்ணும் ஆகாதுங்க அண்ணே,” என்றேன்.

அவருடைய எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. கண்ணை மூடுவார், உதடு அசையும், பிறகு எழுதுவார். குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், லயம், காம்பரா, எந்த வருடம் பிள்ளை பிறந்தது, எந்த வருடம் தாய் இறந்தாள். மாரிமுத்து மாமாவின் பெயரையும் எழுதினார். “அவருக்குத்தான் முடிஞ்சுபோச்சே அண்ணே,” என்றேன். “இருக்கட்டும்,” என்றார்.

லயத்து ஜனம் சத்தமில்லாமல் சுற்றி நின்று பார்த்தது. பசியாறச் சொன்னோம், மறுத்தார். பொழுது சாயும்போது முப்பத்திரண்டு குடும்பமும் தாளில் இருந்தது. கடைசியில் தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்திட்டார். பேனாவை வைத்துவிட்டுக் கையை மடியில் துடைத்துக்கொண்டார். அதில் மை எதுவும் இருக்கவில்லை.

விசாரணை பதுளையில் ஓர் அரசாங்கக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. அதிகாரி சிங்களவர், ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்ட ஒரு கிளாக்கர். டைவரண்ணன் அதிகாரியின் மேசைக்கு முன்னால், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதிகாரி தாள்களை எங்கெங்கோ புரட்டி நடுவிலிருந்து கேட்டார். இவர் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நாலாம் லயத்தில் யார், அவருக்குப் பக்கத்தில் யார், அந்தப் பெண்ணுக்கு எந்த மாதம் பிள்ளை பிறந்தது என்று கேட்கக் கேட்கச் சொன்னார். அதிகாரி ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு இவருடைய முகத்தையே பார்த்தார். நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு, சாட்சி சொல்லும் எவரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

கிளாக்கர் அதைத் தமிழில் சொன்னார். “நீங்கள் இந்த நாட்டுக்கு வந்தது எப்ப? வந்த பிறகு இடையில எப்பவாவது வெளியில போனனீங்களோ?”

“வந்தது யுத்தத்துக்கு முந்தி. சின்னப் பையனா. நடுவுல ஒரு தரம் போனேங்க. சுதந்திரத்துக்குப் பொறகு. அம்மா செத்துப்போச்சுன்னு தந்தி வந்திச்சு. பர்மிட்டுக்குப் போட்டா மாசக்கணக்காகும்னாங்க. மன்னாருப் பக்கமா தோணியில போனேன். மூணு மாசம் கழிச்சுத் தோணியிலதான் வந்தேன்.”

அறையிலிருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் விறைத்துப்போனார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கள்ளத்தோணி என்று எங்களைத் திட்டாதவர்கள் இல்லை. உண்மையில் தோணியில் வந்த ஒருவர் அந்த அறையில் இருந்தார், அதையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டார்.

கிளாக்கர் உடனே மொழிபெயர்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் குனிந்து, மெல்லிய குரலில் சொன்னார்: “ஐயா, யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் இன்னும் அவருக்குச் சொல்லேல்லை.”

“நான் பொய் சொன்னேன்னு பின்னால தெரிஞ்சா இந்தத் தாளு செல்லுமாங்க?”

கிளாக்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே செல்லாது என்று தலையசைத்தார்.

“அப்ப சொன்னதையே சொல்லிடுங்க ஐயா.”

கிளாக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து அப்படியே சொன்னார். அவருடைய ஆங்கிலம் மிக மெதுவாக வந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து டைவரண்ணனைப் பெரகலையில் லொறியோடு நிறுத்திக் கூட்டிப்போனார்கள். அவர் தப்பி ஓடப் பார்க்கவில்லை. பதுளைச் சிறையில் வைத்திருந்து, கொழும்புக்குக் கொண்டுபோய், தலைமன்னார் வழியாகக் கப்பலில் அனுப்பினார்கள். மணப்பாறைப் பக்கம் லொறி ஓட்டுகிறார் என்று சில வருடம் கழித்து ஒருவர் சொன்னார். இல்லை, மண்டபம் முகாமிலேயே நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார். எது உண்மை என்று நான் அறியேன். கொழும்பிலிருந்த அந்தத் தலைவர் பின்னாளில் சங்கத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். வாங்கிப் படித்தேன். யுத்தகாலத்தில் மலைப் பிரதேசத்திலும் தொண்டர்கள் சிலர் இருந்தார்கள் என்று ஒரு வரி இருந்தது.

முப்பத்தொரு குடும்பத்தில் பத்தொன்பது குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஏனையவர்களின் விண்ணப்பங்கள் வெவ்வேறு காரணம் சொல்லித் தள்ளப்பட்டன. மாரிமுத்து மாமாவுக்குக் கடைசிவரை இல்லை. எங்களுக்குக் கிடைத்தது. அந்தக் காகிதம் இருந்ததால்தான் பின்னால் நான் மேலே படித்துத் தேறி ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன், அரசாங்கச் சம்பளம் வாங்கினேன், இன்று மேசை போட்டு இதை எழுதுகிறேன்.

அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோன நாளைப் பற்றி இதுவரை யாருக்கும் நான் சொன்னதில்லை. பதுளையிலிருந்து வரும் பகல் ரயிலில் கொண்டுபோகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் தனியாக ஹப்புத்தளை நிலையத்துக்குப் போனேன். மூன்றாம் வகுப்புப் பெட்டியின் ஜன்னலோரம் இருந்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். விலங்கு போட்டிருக்கவில்லை. என்னைக் கண்டதும் கான்ஸ்டபிள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

கொண்டுபோன ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். மெலிந்திருந்தார். அப்பா சுகமா, லயத்தில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். நான் சொல்ல வந்தது வேறு. ரயில் அங்கே கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

“எனக்கு முன்னாடியே தெரியும் அண்ணே,” என்றேன்.

“என்னா தெரியும்?”

“நீங்க தோணியில போய் வந்தது. எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா மகன் அதே தோணியிலதான் வந்தாராம். அவரு சொல்லி இவரு எங்கிட்ட சொன்னாரு. விசாரணையில அது வெளிய வந்தா ஆபத்து, போய்ச் சொல்லி உங்கள எழுதாம நிறுத்திடுவமான்னு கேட்டாரு. நான்தான் பொறுங்கன்னேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்ப சொன்னாரு?”

“சனிக்கிழம.”

“நான் ஞாயித்துக்கிழம எழுதினேன்,” என்றார் மெதுவாக.

“ஆமாங்க அண்ணே. ஒண்ணும் ஆகாதான்னு கேட்டீங்க. ஆகாதுன்னு சொன்னேன்.”

கார்டு பச்சைக் கொடியை விரித்துக்கொண்டு நடந்து போனார். டைவரண்ணனின் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி வயிற்றில் நின்றது. சேலைக்கு மேல் கம்பளி போர்த்தியிருந்தேன், ஆனாலும் தெரிந்தது.

“எத்தன மாசம்?”

“அஞ்சுங்க.”

ரயில் அசைந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் இத்தனை வருடம் இது எனக்குள் கிடந்து புரண்டிருக்காது.

“அப்ப சரிம்மா,” என்றார். பெட்டி நகர்ந்து போய்விட்டது.